கல்யாண மண்டபத்து ஏசிக்கு ஏ.எம்.சி. போடுவது எப்படி: சூடு கண்டவன் எழுதுவது

வைகாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஆறரை மணி. ரிசப்ஷனுக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். மேடைக்கு இடப்பக்கம் இருந்த 11 டன் டக்டபிள் ஏசி (டக்ட் என்னும் தகரக் குழாய் வழியாகக் குளிர்காற்று விடுவது) நின்றுபோனது. ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) இருக்கிறதே என்ற தெம்பில் போன் போட்டேன். "சார், ஞாயிற்றுக்கிழமை நம்ம கான்ட்ராக்ட்ல வராது, காலைல பையனை அனுப்புறேன்" என்றார்கள். காலையில் வந்த பையன் யூனிட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சு சார், அது கவர் ஆகாது" என்றான். அதற்குள் பெண்ணின் அப்பா ஏசி கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் தப்பே இல்லை.

ஒப்பந்தத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாக முழுசாகப் படித்தேன். இரண்டே பக்கம். சேரும் என்று எழுதியிருந்தது ஆறு வரி, சேராது என்று எழுதியிருந்தது ஒன்றரைப் பக்கம். அதன் பிறகு இரண்டு வருடம் முட்டி மோதிக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் பார்ப்பது கல்யாண மண்டபம், அதனால் உதாரணமெல்லாம் மண்டபமாகவே இருக்கும். ஜவுளிக்கடை, ஸ்கேன் சென்டர், ஹோட்டல் வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

1. முதலில் உங்களிடம் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

யாருக்கும் போன் செய்வதற்கு முன்னால், ஒரு நோட்டோடு எல்லா யூனிட்டையும் சுற்றி வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் இடம், வகை (ஸ்ப்ளிட், கேசட், டக்டபிள்), எத்தனை டன், மாடல் எண், சீரியல் எண், போட்ட வருடம், எந்த கேஸ் என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்டோர், அவுட்டோர் இரண்டிலும் ஒட்டியிருக்கும் தகட்டைப் படம் பிடித்து வையுங்கள். மொட்டை மாடி வெயிலில் ஸ்டிக்கர் வெளுத்துப்போயிருந்தால் வாங்கிய பில்லைத் தேடுங்கள்.

எங்களிடம் இருப்பது பெரிய ஹாலில் 11 டன் டக்டபிள் 4, சாப்பாட்டு ஹாலில் 8.5 டன் டக்டபிள் 2, மேலே அறைகளில் ஒன்றரை டன் ஸ்ப்ளிட் 12. மொத்தம் 79 டன். இந்தப் பட்டியல் இல்லாமல் பேசினால், "மொத்தமா பாத்துக்கலாம் சார்" என்று ஒரு தொகை சொல்வார்கள். பிறகு எந்த யூனிட் சேர்ந்தது, எது சேரவில்லை என்பதே தகராறாகும்.

வாரண்டி அட்டைகளையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். கம்ப்ரசருக்கு மட்டும் 5 வருடம், சிலவற்றுக்கு 10 வருடம் கூடத் தனி வாரண்டி இருக்கும். எங்கள் ஸ்ப்ளிட்டுகளில் ஏழுக்கு அப்படி இருந்தது. கம்பெனி இலவசமாகத் தர வேண்டிய கம்ப்ரசருக்கு நான் ஒரு வருடம் ஏ.எம்.சி.யிலும் பணம் கட்டியிருக்கிறேன். வெளியாள் கை வைத்தால் வாரண்டி போய்விடும் என்ற வரியும் அதே அட்டையில் இருக்கும். அதையும் பாருங்கள்.

2. எந்த வகை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

இரண்டு வகைதான். லேபர் ஏ.எம்.சி. என்றால் குறித்த தடவை வந்து சர்வீஸ் செய்வார்கள், பழுதானால் வந்து பார்ப்பார்கள். சாமான் காசு உங்களுடையது. காம்ப்ரிஹென்சிவ் என்றால் சாமானும் அவர்களுடையது என்று சொல்வார்கள். சொல்வது மட்டும்தான், அதை ஐந்தாவது படியில் பார்க்கலாம்.

எனக்கு வந்த கொட்டேஷன்களில் லேபர் மட்டும் 78,000 முதல் 96,000 ரூபாய் வரை இருந்தது. காம்ப்ரிஹென்சிவ் 1,48,000, 2,10,000, 2,65,000. எல்லாம் ஜிஎஸ்டி இல்லாமல். உங்கள் ஊரில், உங்கள் யூனிட்டுகளின் வயதுக்கு இது மாறும். ஆனால் காம்ப்ரிஹென்சிவ் பெரும்பாலும் இரண்டு மடங்குக்கு மேல் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

என் கருத்து இது: யூனிட்டுக்கு நாலைந்து வயதுக்குள் என்றால் லேபர் போதும். வித்தியாசப் பணத்தைத் தனியாக பேங்கில் போட்டு வையுங்கள், சாமான் போனால் அதிலிருந்து எடுக்கலாம். அதற்கு மேல் ஒன்பது வயது வரை காம்ப்ரிஹென்சிவ் பிரயோஜனப்படும். எங்கள் 11 டன் யூனிட் ஒவ்வொன்றிலும் இரண்டு கம்ப்ரசர். ஒன்று மாற்ற ஒருதடவை வேலையோடு சேர்த்து 46,000 கொடுத்தேன். அந்த மாதிரி ஒரு வருடத்தில் மூன்று போனால், 2,10,000 ஒப்பந்தத்தில் லேபரைவிடக் கூடுதலாகக் கொடுத்த காசு வசூல். பத்து வயது தாண்டிவிட்டால் பெரும்பாலும் காம்ப்ரிஹென்சிவ் தர மாட்டார்கள், தந்தாலும் விலையைக் கேட்டால் புது யூனிட்டே வாங்கிவிடலாம் போலிருக்கும். உண்மையிலேயே அப்போது வாங்கிவிடுவதுதான் நல்லது. ஏசிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது.

எல்லா யூனிட்டுக்கும் ஒரே வகைதான் போட வேண்டும் என்று சட்டம் இல்லை. நான் இப்போது டக்டபிளுக்குக் காம்ப்ரிஹென்சிவ், ஸ்ப்ளிட்டுக்கு லேபர் என்று பிரித்துப் போட்டிருக்கிறேன். முதலில் முகம் சுளித்தார்கள், அப்புறம் ஒத்துக்கொண்டார்கள்.

3. மார்கழியில் பேச ஆரம்பியுங்கள்

ஏப்ரலில் ஏ.எம்.சி. பேசப் போகாதீர்கள். அப்போது அவர்களிடம் இருக்கும் ஆளுக்கு ஊர் முழுக்க வேலை. உங்கள் போனை எடுப்பதே பெரிய விஷயம், விலை குறைத்துப் பேச முடியாது.

மண்டபக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, ஏசி மெக்கானிக்குகளுக்கும் அதுதான் வேலை குறைந்த காலம். டிசம்பர் நடுவில் பேச ஆரம்பித்து, மார்கழிக்குள் பெரிய சர்வீஸை முடித்து, தை ஒன்றிலிருந்து ஒப்பந்தம் நடப்புக்கு வருகிற மாதிரி வையுங்கள். பழைய ஒப்பந்தம் மே மாதம் முடிகிறது என்றால் ஒருமுறை ஏழெட்டு மாதத்துக்கு மட்டும் போட்டுத் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் புதுப்பிக்க வேண்டி வந்தால் அவர்கள் சொல்வதுதான் விலை.

சர்வீஸ் தேதிகளையும் பஞ்சாங்கத்தைப் பார்த்தே போட்டுக்கொள்ளலாம். என்னுடையது: மார்கழியில் காயில் (குளிர்விக்கும் குழாய்களும் தகடுகளும்) கழுவுகிற பெரிய சர்வீஸ், பங்குனிக் கடைசியில் ஒன்று, ஆடியில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று. "மூன்று மாதத்துக்கு ஒருமுறை" என்று ஒப்பந்தத்தில் விட்டுவிட்டால் சரியாக வளர்பிறை முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ஏணியோடு வந்து நிற்பார்கள்.

4. மூன்று பேரிடமாவது கொட்டேஷன் வாங்குங்கள், நேரில் பார்த்த பிறகு

வாட்ஸ்அப்பில் பட்டியலை அனுப்பி வாங்கும் விலை, விலையே இல்லை. ஆள் வந்து யூனிட்டைத் திறந்து பார்க்கட்டும். பார்க்காமல் விலை சொன்னவர், பிறகு பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்: ஜிஎஸ்டி பதிவுச் சான்று, பான் நகல், அவர்கள் பார்க்கும் வேறு இரண்டு இடங்களின் விவரம், ஆட்களுக்கு இன்சூரன்ஸ் அல்லது இஎஸ்ஐ இருப்பதற்கான ஆதாரம். கடைசியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் அவுட்டோர் நாலு யூனிட் இரண்டாம் மாடிச் சுவரில் பிராக்கெட்டில் தொங்குகின்றன, நிற்க இடமே கிடையாது. பெல்ட் இல்லாமல் ஒரு பையன் ஒற்றைக் காலில் நின்று போல்ட் கழற்றியதைக் கீழே நின்று பார்த்தவன் நான். விழுந்திருந்தால் கேஸ் யார் மேல் வரும்?

அதே இடத்தில் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: சாரம் கட்டும் செலவு யாருடையது? எனக்கு ஒருதடவை கட்ட 3,500 ரூபாய் ஆனது. 400 ரூபாய் கெப்பாசிட்டர் மாற்றுவதற்காக.

5. "சேராதவை" பகுதியை முதலில் படியுங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். காம்ப்ரிஹென்சிவ் ஒப்பந்தங்களில் நான் பார்த்த விலக்குகள் இவை: கன்ட்ரோல் போர்டு, காயில், கேஸ், ரிமோட், வெளி வயரிங், ஸ்டெபிலைசர், டக்ட், பிளாஸ்டிக் பாகங்கள், வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தால் வந்த பழுது, எலி கடித்த பழுது. 1,48,000 சொன்னவருடைய காகிதத்தில் இவை அத்தனையும் இருந்தன. கழித்துப் பார்த்தால் மிச்சம் இருந்தது கம்ப்ரசரும் ஃபேன் மோட்டாரும்தான். 2,10,000 சொன்னவர் போர்டையும் கேஸையும் சேர்த்திருந்தார். அவரைத்தான் எடுத்தேன்.

இவற்றில் நான்கைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

எலி: சிரிக்காதீர்கள். மண்டபம் என்றால் சமையல்கட்டு உண்டு, சமையல்கட்டு என்றால் எலி உண்டு. ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஓடும் சென்சார் வயரைக் கடித்துத் துப்பிவிடும். இதை எந்தக் கம்பெனியும் ஏற்காது, ஏற்க வைக்கவும் முடியவில்லை. வயரையெல்லாம் கான்டியூட் பைப்புக்குள் விட்டு, துவாரங்களை அடைத்துவிட்டேன். ஏ.எம்.சி.யை விட மலிவு.

வோல்டேஜ்: இதுதான் பெரிய ஓட்டை. எந்தப் போர்டு போனாலும், "வோல்டேஜ் பிராப்ளம் சார்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அதனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: ஸ்டெபிலைசரும் மூன்று பேஸ் ரிலேயும் (பேஸ் தவறினால் யூனிட்டை நிறுத்தும் கருவி) நல்ல நிலையில் இருந்தால் வோல்டேஜைக் காரணம் காட்டிச் சாமானை மறுக்கக் கூடாது. ஜெனரேட்டர் இருப்பவர்கள் பேஸ் வரிசையையும் சரிபாருங்கள். இ.பி.யில் ஒரு வரிசை, ஜெனரேட்டரில் வேறு வரிசை என்றால், கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறியதும் ரிலே யூனிட்டை நிறுத்திவிடும். ரிலே இல்லாவிட்டால் கம்ப்ரசர் தலைகீழாகச் சுற்றிக் கெடும். எங்களுக்கு இரண்டு வயரை இடம் மாற்றியதில் தீர்ந்த விஷயம், அதற்கு முன்னால் மூன்று முகூர்த்தத்தில் பழி ஏ.எம்.சி.காரர் மேல் விழுந்தது. பாவம்.

கேஸ்: ஏசியில் கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் வருடா வருடம் டாப் அப் செய்வது உங்கள் காசைக் காற்றில் விடுவதுதான். "கேஸ் நிரப்புவது சேரும்" என்று மட்டும் எழுதினால் போதாது. நைட்ரஜன் விட்டுக் கசிவு பார்த்து, அடைத்து, வேக்குவம் போட்டு, எடை வைத்து நிரப்புவது என்று எழுத வேண்டும். ஆர்-410ஏ இரண்டு கேஸ்களின் கலவை, எடை பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். ஆர்-32 கொஞ்சம் தீப்பிடிக்கும் தன்மை உள்ளது, வெல்டிங் வைக்கும் ஆளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

காயில்: கடலோர ஊர்க்காரர்களுக்கு இது தலையாய விஷயம். உப்புக் காற்றில் அவுட்டோர் காயிலின் அலுமினியத் தகடுகள் கையில் தொட்டால் மாவாக உதிரும். சென்னையில் கடற்கரைப் பக்கம் மண்டபம் வைத்திருக்கும் என் மச்சான், காயில் சேராத காம்ப்ரிஹென்சிவுக்குக் கையெழுத்தே போட மாட்டார்.

6. "24 மணி நேரத்துக்குள் வருவோம்" என்பதை ஏற்காதீர்கள்

அலுவலகத்துக்கு அது சரி. நமக்கு ரிசப்ஷன் மூன்று மணி நேரம்தான். நாளைக்கு வந்து என்ன செய்ய?

முகூர்த்தப் பட்டியல் வருடத் தொடக்கத்திலேயே கையில் இருக்கிறது. புக்கிங் ஆன தேதிகளை மாதா மாதம் அனுப்பி, அந்த நாட்களில் காலை 5 முதல் 11 வரை, மாலை 5 முதல் 10 வரை கூப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ஞாயிறு, விடுமுறை நாட்களும் சேரும் என்று தனியாக எழுதுங்கள். பெரிய கல்யாணத்துக்கு ஆளை அங்கேயே உட்கார வைக்க வேண்டுமென்றால் தனிக் கட்டணம் கேட்பார்கள், நான் ஒரு நாளுக்கு 1,500 கொடுக்கிறேன். சாப்பாடு பந்தியில். வர மறுத்தால் அடுத்த தவணையில் எவ்வளவு பிடிப்பது என்பதையும் எழுதுங்கள். அந்த வரி இருந்தால்தான் மற்ற வரிகளுக்கு மரியாதை.

7. கையெழுத்துக்கு முன்னால் கூட்டாகப் பார்வையிடுங்கள்

புது ஆள் வருகிறார் என்றால், முதல் பழுதில் அவர் சொல்லப்போவது: "இது நாங்க எடுக்குறதுக்கு முன்னாடியே இருந்த கம்ப்ளெயின்ட் சார்." அதைத் தடுக்க ஒரே வழி, எல்லா யூனிட்டையும் ஓட விட்டு, ஒவ்வொன்றின் நிலையையும் இருவரும் எழுதிக் கையெழுத்துப் போடுவது. ஏற்கெனவே பழுதானவற்றைச் சரிசெய்யத் தனி விலை சொல்வார்கள். எனக்கு 31,000 வந்தது. வலித்தது, ஆனால் அதன் பிறகு அந்தப் பேச்சு எழவே இல்லை.

இதற்கு ஒரு நாள் முழுக்க ஆகும். மண்டபம் காலியாக இருக்கும் நாளாகப் பாருங்கள்.

8. பணம், ஜிஎஸ்டி, டிடிஎஸ்

2,10,000 என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி 37,800 சேர்ந்து 2,47,800. நீங்கள் ஜிஎஸ்டி கட்டும் மண்டபம் என்றால் இந்த 37,800-ஐ இன்புட் கிரெடிட்டாக எடுக்கலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷனில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டம்) இருந்தால் கிடைக்காது. ஏ.எம்.சி.காரர் ரிட்டர்ன் போட்டு உங்கள் ஜிஎஸ்டிஆர்-2பியில் (ஜிஎஸ்டி தளத்தில் வரும் கிரெடிட் பட்டியல்) அந்த பில் தெரிந்தால்தான் கிரெடிட். ஆகவே முதல் தவணைக்குப் பிறகு ஆடிட்டரிடம் பார்க்கச் சொல்லுங்கள், வருடக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம். "பில் வேண்டாம்னா கொறச்சுக்கலாம்" என்பவரிடம் ஏ.எம்.சி. போடாதீர்கள். பில் இல்லாத ஒப்பந்தத்தை எங்கே கொண்டுபோய்க் காட்டுவீர்கள்?

டிடிஎஸ் (அவருக்குக் கொடுக்கும் பணத்திலேயே வருமான வரியைப் பிடித்து நீங்கள் அரசுக்குக் கட்டுவது): ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, வருடத்துக்கு மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ பிடிக்க வேண்டும். தனிநபர் ஒப்பந்ததாரர் என்றால் 1 சதவீதம், கம்பெனி, பார்ட்னர்ஷிப் என்றால் 2 சதவீதம், பான் தராவிட்டால் 20. பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருந்தால் அதை விட்டுவிட்டு மீதிக்குப் பிடித்தால் போதும். மண்டபம் உங்கள் தனிப் பெயரில் இருந்து முந்தின வருட வியாபாரம் ஒரு கோடியைத் தாண்டவில்லை என்றால் இந்தத் தலைவலி இல்லை. எனக்கு இது தெரியாமல் ஒரு வருடம் முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு, பிறகு கைக்காசும் வட்டியும் போட்டுக் கட்டினேன்.

முழுப் பணத்தையும் முன்பணமாகக் கேட்பார்கள், 5 சதவீதம் தள்ளுபடி என்று ஆசை காட்டுவார்கள். வேண்டாம். நான்கு தவணை, ஒவ்வொன்றும் அந்தக் காலாண்டு சர்வீஸ் முடிந்த பிறகு. பேரம் படியாவிட்டால் கால்வாசி முன்பணம் வரை இறங்கலாம்.

9. சர்வீஸ் அன்றைக்குப் பக்கத்தில் நில்லுங்கள்

ஃபில்டரை உதறிவிட்டு ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கிப் போவதும் சர்வீஸ்தான் அவர்கள் கணக்கில். மண்டபத்து ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்: ஹோமப் புகையின் பிசுக்கு, மேலே கலர் பேப்பர், ஸ்ப்ரே நுரை காய்ந்த படலம், நடுவில் ரெண்டு அட்சதை. இது உதறினால் போகாது. சோப்புத் தண்ணீர், பிரஷ், முழுக்கக் காய வைத்தல். ட்ரெயின் பைப்பில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி வெளியே வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மணமேடைக்கு மேலே சொட்டும், எங்களுக்குச் சொட்டியிருக்கிறது.

சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஹால் காலியாக இருக்கும்போது யூனிட்டைக் கால் மணி நேரம் ஓட விட்டு, உள்ளே இழுக்கும் காற்று எத்தனை டிகிரி, கிரில்லில் வரும் காற்று எத்தனை டிகிரி என்று பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி வரை இருக்க வேண்டும். அதற்குக் குறைவு என்றால் ஏன் என்று அங்கேயே கேளுங்கள். ரிப்போர்ட்டில் இந்த இரண்டு எண்ணும், கம்ப்ரசர் இழுக்கும் ஆம்பியரும், கேஸ் அழுத்தமும் யூனிட் வாரியாக இருக்க வேண்டும். "எல்லாம் ஓகே" என்று ஒரே வரியில் எழுதிய காகிதத்தில் நான் இப்போது கையெழுத்துப் போடுவதில்லை.

சாமான் மாற்றினால் பழையதைக் காட்டச் சொல்லுங்கள். லேபர் ஒப்பந்தத்தில் பழைய சாமான் உங்களுடையது. செம்புக் காயிலுக்கும் கம்ப்ரசருக்கும் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை உண்டு, அதைப் பேசாமல் வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

10. பிரியும்போது

30 நாள் நோட்டீஸில் எந்தத் தரப்பும் விலகலாம், செய்த சர்வீஸுக்கு மட்டும் பணம் என்ற வரி இருக்கட்டும். "தானாகப் புதுப்பிக்கப்படும்" என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். அடுத்த வருட விலை உயர்வுக்கு ஓர் உச்சவரம்பு போடுங்கள், நான் 8 சதவீதத்தில் நிறுத்தினேன்.

நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். 2019 சட்டப்படி வணிக நோக்கத்துக்காகப் பெற்ற சேவைக்கு நீங்கள் நுகர்வோர் ஆக மாட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே எடுத்து வைக்கும். உங்களுக்குக் கைகொடுப்பது கையில் இருக்கும் ஒப்பந்தக் காகிதமும், சர்வீஸ் ரிப்போர்ட்டுகளும், கம்ப்ளெயின்ட் செய்த நேரமும்தான். அதனால் போனில் சொன்ன உடனே அதையே வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி போட்டுவிடுங்கள்: எந்த யூனிட், எத்தனை மணிக்கு நின்றது. நான் யூனிட்டுகளுக்குப் பெயின்ட்டில் எண் போட்டு வைத்திருக்கிறேன். எங்கள் வாட்ச்மேனே இப்போது, "3-ம் நம்பர், 6.40" என்று செய்தி அனுப்பிவிட்டுத்தான் என்னைக் கூப்பிடுகிறார்.